சார்ட்டர் ஸ்கூலில் இடம் வந்திருக்கிறது: பையனின் ஐ.இ.பி. என்ன ஆகும்? (டெக்சஸ்)

பிரிஸ்கோ_அப்பா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு 7 வயது, ஆட்டிசம். எங்கள் ஐ.எஸ்.டி. (பகுதிப் பள்ளி மாவட்டம்) பள்ளியில் முதல் வகுப்பு படிக்கிறான். ஐ.இ.பி.யில் (அவனுக்கான தனிப்பட்ட சிறப்புக் கல்வித் திட்டம்) இருப்பவை: ஸ்பீச் தெரபி வாரம் 2 முறை 30 நிமிடம், ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) வாரம் ஒரு முறை 30 நிமிடம், வகுப்புக்குள் உதவியாளர் தினமும் 90 நிமிடம், ஸ்பெஷல் பஸ்.

கணக்குப் பாடம் நன்றாக இருக்கும் என்று விண்ணப்பித்திருந்தோம்; ஆகஸ்டில் தொடங்கும் ஆண்டுக்கு ஒரு சார்ட்டர் பள்ளியில் குலுக்கலில் இடம் வந்திருக்கிறது. ஐ.இ.பி. இருக்கிறது என்று போனில் சொன்னதும் அவர்கள் பேச்சு மாறியது. "எங்களிடம் இன்க்ளூஷன் (எல்லோரோடும் ஒரே வகுப்பு) மட்டும்தான், எய்ட் (உதவியாளர்) கிடையாது, பஸ் கிடையாது. 504-க்கு மாற்றிக்கொண்டு வந்தால் எல்லோருக்கும் சுலபம்" என்கிறார்கள். (504 என்பது ஐ.இ.பி. இல்லாமல் வகுப்பறை வசதிகள் தரும் திட்டமாம்.)

1. ஐ.இ.பி. அங்கே செல்லுமா? அவர்கள் இப்படிச் சொல்லலாமா?
2. டெக்சஸில் புதிதாக வந்திருக்கும் கல்விக் கணக்குத் திட்டத்தில் பணம் வாங்கி ஸ்பெஷல் நீட்ஸ் தனியார் பள்ளிக்குப் போவது இதைவிட மேலா?
3. நாங்கள் எச்-1பி, பையன் எச்-4. உரிமை என்று அழுத்திக் கேட்டால் பிரச்சினை வருமா? மனைவிக்கு மீட்டிங்கில் ஆங்கிலம் பின்தொடர்வது கஷ்டம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாமா?

---

வைகைக்கரை

முதல் கேள்விக்கு நேரான பதில்: செல்லும். அவர்கள் அப்படிச் சொல்லக் கூடாது.

சார்ட்டர் தனியார் பள்ளி இல்லை. அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளிதான், நிர்வாகம் மட்டும் வேறு. மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்கான ஐ.டி.இ.ஏ. என்ற மத்தியச் சட்டமும், ஊனத்தால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவும் அங்கே முழுமையாகப் பொருந்தும். ஐ.டி.இ.ஏ. விதி 300.209 இதற்காகவே எழுதப்பட்டது. சார்ட்டரில் படிக்கும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் எல்லா உரிமையும் அப்படியே தொடரும் என்கிறது.

சில மாநிலங்களில் சார்ட்டர் பள்ளி ஸ்பெஷல் எட் (சிறப்புக் கல்வி) விஷயத்தில் மாவட்டத்தின் கிளையாக இருக்கும், பொறுப்பு மாவட்டத்துடையது. டெக்சஸில் மாநில அனுமதியில் நடக்கும் ஓப்பன் என்ரோல்மென்ட் சார்ட்டர் தானே ஒரு மாவட்டத்துக்குச் சமம். அதனால் ஐ.எஸ்.டி. பக்கம் கைகாட்ட முடியாது. தெரபிஸ்ட் இல்லையென்றால் ஒப்பந்தத்தில் ஆள் எடுக்க வேண்டும். பிள்ளைக்குத் தனி வகுப்பு தேவை என்று ஏ.ஆர்.டி. கமிட்டி (ஐ.இ.பி.யை முடிவு செய்யும் பெற்றோர்-பள்ளிக் குழு) முடிவு செய்தால், வேறு மாவட்டத்தோடு ஒப்பந்தம் போட்டோ, பல பள்ளிகள் சேர்ந்த கூட்டு ஏற்பாட்டிலோ அதைத் தந்தாக வேண்டும். "இன்க்ளூஷன் மட்டும்" என்பது அந்தப் பள்ளியின் விருப்பமாக இருக்கலாம், ஆனால் விதி 300.115, சாதாரண வகுப்பு முதல் தனிப் பள்ளி வரை எல்லா அடுக்கும் கிடைக்கச் செய்யச் சொல்கிறது.

இந்த அமைப்பிலேயே சிக்கலும் இருக்கிறது. பெரிய ஐ.எஸ்.டி. ஒன்றில் ஆட்டிசம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் ஒரு நடத்தை நிபுணரை முழு நேரம் வைத்துக்கொள்ள முடியும். சில நூறு பிள்ளைகள் மட்டுமே உள்ள சார்ட்டருக்கு அதிகத் தேவையுள்ள ஒரு பிள்ளை வந்தாலே பட்ஜெட் ஆடும். அந்தப் பயம்தான் போனில் "உங்கள் பிள்ளைக்கு இது சரிவராது" என்று வருகிறது. மத்திய அரசின் கணக்காய்வு அலுவலகம் 2012-ல் தந்த அறிக்கைப்படி, 2009-10 கல்வியாண்டில் வழக்கமான பொதுப் பள்ளிகளில் சுமார் 11 சதவீதம் மாற்றுத்திறன் மாணவர்கள், சார்ட்டர்களில் சுமார் 8 சதவீதம். நியூ ஆர்லியன்ஸில் கத்ரீனா புயலுக்குப் பிறகு ஊரே சார்ட்டர் மயமானபோது, பெற்றோர்கள் 2010-ல் மாநிலக் கல்வித் துறை மீது வழக்கே போட வேண்டியிருந்தது. உரிமை காகிதத்தில் இருக்கிறது. வாங்குவதற்கு நீங்கள்தான் நிற்க வேண்டும்.

இப்போது அவர்கள் சொன்ன "504-க்கு மாற்றிக்கொண்டு வாருங்கள்". இதைத்தான் மிகவும் பயந்து கேட்க வேண்டும். 504-க்கு மாற, ஸ்பெஷல் எட் சேவைக்கான சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் பள்ளி எல்லாச் சேவையையும் நிறுத்திவிடும், அது சட்டப்படி சரியும்கூட. மறுபடி வேண்டுமென்றால் புதிதாக வருகிற பிள்ளையைப் போல முதல் மதிப்பீட்டிலிருந்து தொடங்க வேண்டும். டெக்சஸ் கணக்கில் சம்மதம் கொடுத்த நாளிலிருந்து 45 பள்ளி நாள் மதிப்பீட்டு அறிக்கைக்கு, அதற்குப் பிறகு 30 நாள் ஏ.ஆர்.டி. கூட்டத்துக்கு. மூன்று மாதத்துக்கு மேல் போய்விடும். 504-ல் பொதுவாகக் கிடைப்பது தேர்வில் கூடுதல் நேரம், முன்வரிசை இருக்கை போன்ற வசதிகள். அளவிடக்கூடிய இலக்குகள், முன்னேற்ற அறிக்கை, தகராறு நடக்கும்போது பழைய சேவை நீடிக்கும் பாதுகாப்பு, இவையெல்லாம் ஐ.இ.பி.யோடுதான் வரும். எந்தக் காரணத்துக்காகவும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

விண்ணப்பத்தில் ஊனம் பற்றிப் பொதுவாகக் கேட்கவே கூடாது என்று 2016 டிசம்பரில் மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆகவே இடத்தை ஏற்றுக்கொண்டு, பெயர் பதிவு முடிந்து உறுதிக் கடிதம் வந்த பிறகு ஐ.இ.பி.யைக் கொடுங்கள். மறைப்பதாக நினைக்க வேண்டாம், முறையே அதுதான்.

இன்னொரு விஷயம் டெக்சஸுக்கே உரியது. பிள்ளைக்கு ஒழுங்கு நடவடிக்கைப் பதிவு இருந்தால் சேர்க்க மறுக்கலாம் என்று ஒரு சார்ட்டர் தன் சாசனத்தில் எழுதிக்கொள்ள மாநிலச் சட்டம் இடம் தருகிறது. ஆட்டிசம் பிள்ளை பதற்றத்தில் கடித்ததோ தள்ளியதோ ஐ.எஸ்.டி. கணினியில் டிசிப்ளின் ரெஃபரலாக (ஒழுங்கு மீறல் புகாராக) ஏறியிருக்கிறதா என்று இப்போதே பதிவேட்டை வாங்கிப் பாருங்கள்.

---

ஸ்பீச்_தெரபி_மதி

சட்டத்தை வைகைக்கரை சொல்லிட்டார். நான் ஐ.இ.பி. தாளுக்குள்ள போறேன், ஏன்னா பள்ளி மாறும்போது சேவை கரையிறது அங்கதான்.

நெட்ல தேடினா எல்லாரும் 300.323(e)-ஐக் காட்டுவாங்க: புதுப் பள்ளி "ஒப்பிடத்தக்க சேவை" தரணும்னு. அது ஒரே கல்வியாண்டுக்குள்ள மாறுற பிள்ளைக்கு. உங்க பையன் கோடை விடுமுறையில மாறுறான். அதனால அவனுக்குப் பொருந்துறது 300.323(a): பள்ளி திறக்கிற முதல் நாளே அவனுக்கு நடைமுறையில ஒரு ஐ.இ.பி. இருந்தே ஆகணும். "முதல்ல ஆறு வாரம் கவனிச்சுப் பார்க்கிறோம், அப்புறம் தெரபி" என்று சொன்னா ஒத்துக்காதீங்க.

இப்ப இருக்கிற ஐ.இ.பி.யில இவற்றைச் சரிபாருங்க.

நிமிடக் கணக்கு எப்படி எழுதியிருக்கு? "வாரம் 2 முறை, 30 நிமிடம்" என்று இருந்தா நல்லது. பல இடத்துல "9 வாரத்துக்கு 18 முறை" என்று எழுதுவாங்க. கூட்டிப் பார்த்தா ஒண்ணுதான். ஆனா தெரபிஸ்ட் மூணு வாரம் வரலைன்னாலும், கடைசி வாரத்துல அடுக்கிக் கணக்கை முடிச்சுடலாம். ஏழு வயசுப் பிள்ளைக்கு ஒரே வாரத்துல அஞ்சு தெரபி கொடுத்தா பிரயோஜனம் இல்ல.

நேரடிச் சேவையா, ஆலோசனையா? ஓ.டி.யில இந்த மாற்றம் அடிக்கடி நடக்கும். நேரடி என்றால் தெரபிஸ்ட் பிள்ளையோட உட்காரணும். ஆலோசனை என்றால் டீச்சர்கிட்ட மாசம் 15 நிமிடம் பேசினாப் போதும். புதுப் பள்ளியின் ஏ.ஆர்.டி.யில அந்த ஒரு சொல் மாறும், நிமிடமும் அதோட குறையும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க.

தனியாவா, குழுவாவா, நேர்லயா, திரையிலயா? சின்ன சார்ட்டர்கள் ஸ்பீச்சை வீடியோ மூலமா ஒப்பந்தத்துக்கு விடுவது உண்டு. சில பிள்ளைக்கு அது ஒத்துவரும். திரை முன்னால அஞ்சு நிமிடம் உட்காராத பிள்ளைக்கு ஒத்துவராது. "நேரில்" என்ற சொல்லும் அதுக்கான காரணமும் ஐ.இ.பி.யில இருக்கணும்.

எய்ட் விஷயத்துல "உதவியாளர் இருப்பார்" என்று மட்டும் இருந்தா, புதுப் பள்ளியில 20 பிள்ளைக்கு இருக்கிற பொது உதவியாளரைக் காட்டிடுவாங்க. எந்தப் பாடத்துல, எந்த நேரத்துல, எதுக்காக என்று வரணும்: காலை எழுத்துப் பாடத்துல 45 நிமிடம், கணக்குல 45 நிமிடம், ஒரு வேலையிலிருந்து அடுத்ததுக்கு மாற உதவ. மதிய உணவும் விளையாட்டு நேரமும் விட்டுப்போகிற இடம். சத்தமும் நெரிசலும் அங்கதான் அதிகம்.

டெக்சஸ்ல ஆட்டிசம் பிள்ளைகளுக்குன்னு ஒரு கூடுதல் விதி இருக்கு. 11 உத்திகளை ஏ.ஆர்.டி. கமிட்டி ஒவ்வொண்ணா பரிசீலிக்கணும்: விடுமுறைக் காலச் சேவை, தினசரி அட்டவணை, வீட்டுப் பயிற்சி, நடத்தை உதவி, எதிர்காலத் திட்டம், பெற்றோர் பயிற்சி, ஆசிரியர்-மாணவர் விகிதம், தொடர்புத்திறன், சமூகத்திறன், ஆசிரியருக்கான பயிற்சி, ஆய்வு அடிப்படையிலான கற்பித்தல். தேவையில்லைன்னு முடிவு பண்ணினா ஏன் என்று எழுதணும். சார்ட்டருக்கும் இது உண்டு. 11 பெட்டியிலும் வரிசையா "தேவையில்லை" என்று டிக் அடிச்சிருந்தா, "எந்தத் தரவை வெச்சு?" என்று அங்கேயே கேளுங்க.

பஸ் இல்லை என்பதும் சரியில்ல. பொதுப் பிள்ளைகளுக்கு பஸ் விடாத சார்ட்டர் கூட, ஐ.இ.பி.யில போக்குவரத்து தொடர்புடைய சேவையா இருந்தா ஏற்பாடு செய்யணும்.

என் கருத்தைச் சொல்லணும்னா, உங்க பையனோட இப்போதைய பள்ளியில சேவை ஒழுங்கா நடக்குதுன்னா, கணக்குப் பாடத்துக்காக மட்டும் மாற்ற நான் தயங்குவேன். கணக்கை வீட்டுல ஈடு கட்டலாம். பயிற்சி உள்ள எய்ட்டை ஈடு கட்ட முடியாது.

---

கணக்குப்பிள்ளை_டி.எக்ஸ்.

இரண்டாவது கேள்விக்கு. சார்ட்டரையும் கல்விக் கணக்கையும் "ஸ்கூல் சாய்ஸ்" என்று ஒரே பெயரில் பேசுகிறார்கள், ஆனால் ஐ.இ.பி. உள்ள பிள்ளைக்கு இரண்டும் எதிரெதிர். சார்ட்டருக்குப் போனால் உரிமை கூடவே வரும். கல்விக் கணக்கை எடுத்தால் பணம் வரும், உரிமை நின்றுவிடும்.

டெக்சஸ் திட்டம் 2025 மே மாதம் சட்டமானது, முதல் ஆண்டு 2026-27. மாற்றுத்திறன் பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 30,000 டாலர். "அதிகபட்சம்" என்பதைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைக்கு அரசு மாவட்டத்துக்குக் கொடுத்திருக்கும் ஸ்பெஷல் எட் தொகையை வைத்துத்தான் கணக்கு. ஸ்பீச் மட்டும் உள்ள பிள்ளைக்கு 30,000 வராது. வீட்டுக்கல்வி என்றால் பொதுவாக 2,000 டாலர்தான். விண்ணப்பங்கள் பணத்தைவிட அதிகமானால், வறுமைக்கோட்டின் 5 மடங்குக்குள் வருமானம் உள்ள மாற்றுத்திறன் பிள்ளைகளின் குடும்பத்துக்கு முதல் முன்னுரிமை. 4 பேர் குடும்பத்துக்கு 2025 கணக்கில் அது சுமார் 1,60,000 டாலர். கணவனும் மனைவியும் ஐ.டி.யில் இருந்தால் தாண்டிவிடுவீர்கள். குடியேற்ற நிலை பற்றியும் தகுதி விதி இருக்கிறது, எச்-4 பிள்ளைக்கு விண்ணப்பிக்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

தனியார் பள்ளிக்குப் பெற்றோரே மாற்றிய பிள்ளைக்கு ஐ.டி.இ.ஏ.யில் தனிப்பட்ட சேவை உரிமை கிடையாது (300.137). பள்ளி அமைந்திருக்கும் மாவட்டம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டம் அல்ல, மத்திய நிதியில் ஒரு பங்கை அந்தப் பகுதித் தனியார் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்குமாகச் செலவிடும். யாருக்கு என்ன என்று மாவட்டம் முடிவு செய்யும். கிடைத்தாலும் அது "சர்வீஸ் பிளான்", ஐ.இ.பி. அல்ல. பள்ளி பிள்ளையை நடுவில் அனுப்பிவிட்டால் டியூ பிராசஸ் (ஐ.டி.இ.ஏ. தகராறுகளுக்கான முறையான) விசாரணை கேட்க வழியில்லை, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

இது தெரியாமல் போகிறவர்கள் ஏராளம். கணக்காய்வு அலுவலகத்தின் 2017 அறிக்கை, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கென்றே நடக்கும் தனியார் பள்ளித் திட்டங்களைப் பார்த்தது. 2016-17-ல் அவற்றில் இருந்த மாணவர்களில் 83 சதவீதம் பேர், ஐ.டி.இ.ஏ. உரிமை மாறுவதைப் பற்றித் தகவலே தராத அல்லது தவறான தகவல் தந்த திட்டங்களில் இருந்தார்கள். அரிசோனாவில் இத்தகைய கணக்கு 2011-ல் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கியது. அங்கே மாவட்டத்தைக் கற்பிக்கும் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறேன் என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும்.

செலவையும் கூட்டிப் பாருங்கள். பள்ளிக் கட்டணத்தில் ஸ்பீச், ஓ.டி., எய்ட், பஸ் அடங்குமா, ஒவ்வொன்றும் தனி பில்லா? எழுத்தில் வாங்குங்கள். தேவைக்கேற்ற பள்ளியும் கையில் உறுதியான இடமும் இருந்தால் இது சிலருக்கு நல்ல வழிதான். இடம் உறுதியாகாமல் ஐ.எஸ்.டி.யிலிருந்து விலகுவதுதான் ஆபத்து.

---

தமிழ்_மாமி_பிளேனோ

மூன்றாவது கேள்வி யாரும் தொடவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன் தம்பி.

விசாவால் பயம் வேண்டாம். பிள்ளையின் குடியேற்ற நிலையை வைத்துப் பொதுப் பள்ளி மறுக்கக் கூடாது என்ற 1982 உச்ச நீதிமன்றத் தீர்ப்பே டெக்சஸ் வழக்கில்தான் வந்தது. நீங்களோ சட்டப்படி வந்தவர்கள். ஐ.டி.இ.ஏ.யில் விசா வகை பற்றிப் பேச்சே இல்லை.

மொழிபெயர்ப்பாளர் உங்கள் உரிமை, விதி 300.322(e). உங்கள் மனைவி பேரிலேயே, கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால், "தமிழ்" என்று தெளிவாகப் போட்டு இமெயில் அனுப்பச் சொல்லுங்கள். "இந்தியன்" என்று எழுதினால் இந்தி ஆள் வந்து நிற்பார். செலவு பள்ளியுடையது. "நீங்களே சொல்லிவிடுங்களேன்" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வாதாட வேண்டியவர். இரண்டு வேலையும் சேர்ந்து நடக்காது. முடிந்த ஐ.இ.பி.யைத் தமிழில் எழுத்தாகவோ ஒலிப்பதிவாகவோ கேட்கலாம். ஆங்கிலம் பேச முடியாத பெற்றோருக்கு, ஸ்பானிஷ் தவிர்த்த மொழி என்றால், மாவட்டம் நேர்மையான முயற்சி எடுக்க வேண்டும் என்று டெக்சஸ் சட்டத்தில் இருக்கிறது.

---

பிரிஸ்கோ_அப்பா

எல்லோருக்கும் மிக்க நன்றி. 504 தாளை ஏற்கெனவே இமெயிலில் அனுப்பியிருந்தார்கள், நல்லவேளை கையெழுத்துப் போடவில்லை. இன்னும் இரண்டு: ஐ.எஸ்.டி.யிலிருந்து எப்போது விலகுவது? சார்ட்டரில் சரிவரவில்லை என்றால் அக்டோபரில் திரும்ப முடியுமா?

---

வைகைக்கரை

திரும்ப முடியும். உங்கள் முகவரி இருக்கும் ஐ.எஸ்.டி. எந்த நாளிலும் சேர்த்தே ஆக வேண்டும். அப்போது ஆண்டு நடுவே மாறுவதால் மதி சொன்ன "ஒப்பிடத்தக்க சேவை" விதி உங்களுக்குப் பொருந்தும். ஆனால் அவர்கள் ஒப்பிடுவது சார்ட்டரில் கடைசியாக இருந்த ஐ.இ.பி.யோடு. அங்கே நிமிடங்களைக் குறைக்கச் சம்மதித்திருந்தால் குறைந்த கணக்கோடுதான் திரும்புவீர்கள். பழைய கட்டடமும் உறுதியில்லை. அந்த வகுப்பு நிறைந்திருந்தால் வேறு பள்ளியில் போடலாம்.

வரிசை இப்படி இருக்கட்டும். மே மாதம் பள்ளி மூடுவதற்கு முன் இப்போதைய பள்ளியில் ஒரு ஏ.ஆர்.டி. கேளுங்கள். கூட்டத்தில் "சார்ட்டருக்குப் போகிறோம்" என்று தொடங்கினால் அவசரமாக முடித்துவிடுவார்கள். மதி சொன்ன சொற்களைத் திருத்துவதுதான் நோக்கம்: நேரில், நேரடி, வாரக் கணக்கு, எய்ட் நேரம். மூன்றாண்டு மறுமதிப்பீடு அடுத்த சில மாதங்களில் வருகிறது என்றால் அதையும் இங்கேயே முடித்துவிடுங்கள். பிறகு ஐ.இ.பி., முழு மதிப்பீட்டு அறிக்கை, கடைசி இரண்டு முன்னேற்ற அறிக்கை, ஒழுங்குப் பதிவேடு, நான்கின் நகலும் உங்கள் கையில் இருக்க வேண்டும். பள்ளிக்குப் பள்ளி அனுப்பும் கோப்பு ஆகஸ்டில் வந்து சேராமல் போவது சாதாரணம்.

சார்ட்டரில் பெயர் பதிவானதும் நகல்களோடு ஸ்பெஷல் எட் இயக்குநருக்கு இமெயில். மூன்றே கேள்வி: முதல் நாளிலிருந்து ஸ்பீச் யார் தருவார், நேரிலா? எய்ட் நியமனம் ஆகிவிட்டதா? பஸ் எந்த நிறுவனம்? ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் கேளுங்கள். சேவையைக் குறைப்போம் என்றோ மறுப்போம் என்றோ போனில் சொன்னால், 300.503-இன்படி முன்னறிவிப்புக் கடிதம் தரச் சொல்லுங்கள். என்ன மறுக்கிறார்கள், ஏன், எந்தத் தரவு, எல்லாம் அதில் வர வேண்டும். காரணம் தரமுடியாத மறுப்புகள் பல அந்த இடத்திலேயே கைவிடப்படும்.

ஏ.ஆர்.டி.யில் ஒத்துப்போகவில்லை என்றால் "உடன்படவில்லை" என்ற கட்டத்தில் குறியிட்டு, 10 பள்ளி நாளுக்குள் மறுகூட்டம் கேளுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாநிலக் கல்வித் துறையான டி.இ.ஏ.விடம் புகார். வழக்கறிஞர் தேவையில்லை, செலவில்லை, மீறல் நடந்து ஓராண்டுக்குள் இருக்க வேண்டும், 60 நாளில் முடிவு. "ஐ.இ.பி.யில் 60 நிமிடம், தரப்பட்டது 0" மாதிரியான, தாளைக் காட்டி நிரூபிக்கக்கூடிய விஷயத்துக்கு இதுதான் சிறந்தது. டியூ பிராசஸில் நிரூபிக்கும் சுமை வழக்குத் தொடுப்பவர் மேல், அது 2005 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு; அதற்கு வழக்கறிஞரோடு போங்கள். சிவில் உரிமை அலுவலகத்துக்கு 180 நாள் கெடு உண்டு, ஆனால் டாலஸ் கிளையை மூடுவதாக 2025 மார்ச்சில் அறிவித்துவிட்டார்கள், அங்கே வேகம் எதிர்பார்க்க வேண்டாம்.

சேர்ந்த பிறகு ஒன்றைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்: "பையன் அழுகிறான், வந்து கூட்டிப்போங்கள்" என்ற போன். சஸ்பென்ஷன் என்று எழுதாமல் வீட்டுக்கு அனுப்பும் வழி அது. ஒழுங்கு நடவடிக்கையாக ஓராண்டில் 10 பள்ளி நாளுக்கு மேல் வெளியே வைத்தால், அந்த நடத்தை ஊனத்தால் வந்ததா என்று கூட்டம் போட்டு முடிவு செய்ய வேண்டிய நிலை வரும். பதிவில்லாத நாட்களைப் பள்ளி அந்தக் கணக்கில் சேர்க்காது. அழைத்துப் போகும்போது கையெழுத்துப் புத்தகத்தில் காரணம் என்ற இடத்தில் "பள்ளி அழைத்ததால்" என்றும் நேரத்தையும் எழுதுங்கள். அன்று மாலையே அதே வரியை இமெயிலிலும் போடுங்கள்.

விலகல் படிவத்தைப் பொறுத்தவரை, சார்ட்டரின் பதிவு உறுதிக் கடிதமும் அந்த மூன்று கேள்விக்கான பதிலும் கையில் வரும்வரை ஐ.எஸ்.டி.யில் கொடுக்க வேண்டாம். ஜூலை கடைசி வரைக்கும் அவசரமில்லை.